மாடியறையில் மாறிய கோப்புகள்

தெஹிவளையிலிருந்து சனிக்கிழமைகளில் வருகிற அந்த ஆள்தான் முதலில் சொன்னார்.

"மிஸ், போன கிழமை நீங்க தந்த சீடியில ஒரு கோப்பு சரியில்ல. யாரோ கை வச்சிருக்காங்க."

கோப்பைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் நான் அவரைப் பற்றித்தான் யோசித்தேன். முப்பது வயதிருக்கும். மடிப்புக் கலையாத சட்டை, துடைத்த சப்பாத்து. அவருடைய தமிழ் எந்த ஊர்த் தமிழ் என்று எங்களால் பிடிக்க முடியவில்லை. யாழ்ப்பாணமும் இல்லை, மட்டக்களப்பும் இல்லை, கொழும்பும் இல்லை. சீடிகளை எண்ணும்போது வாய்க்குள் சிங்களத்தில் எண்ணுவார். போகும்போது எப்போதும் ஒரு கேள்வி கேட்பார். "இங்க வேற யார் யார் வாறாங்க மிஸ்?"

இந்தக் கேள்வியைக் கேட்கிற ஆள் யாராக இருப்பார் என்று அந்த நாட்களில் கொழும்பில் இருந்த தமிழருக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆள் சிஐடி என்று நாங்கள் மூன்று பேரும் ஏற்கெனவே முடிவு கட்டியிருந்தோம். ஆனால் வருகிறவரை வராதே என்றும் சொல்ல முடியாது. சொன்னால் ஒளிக்க ஏதோ இருக்கிறது என்று ஆகிவிடும். அதனால் சிரித்துக்கொண்டே சீடி கொடுத்தோம்.

நாங்கள் மூன்று பேரும் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதைச் சொல்லவேண்டும். கணினி நிரல் ஒன்றை முதலில் மனிதர் வாசிக்கக்கூடிய வரிகளாகத்தான் எழுதுவார்கள். அதுதான் மூலநிரல். எங்கள் வாயில் சோர்ஸ் கோட். உலகத்தில் பல பேர் தாங்கள் எழுதிய மூலநிரலை யாரும் வாசிக்கலாம், திருத்தலாம், மற்றவருக்குக் கொடுக்கலாம் என்று திறந்து விட்டிருந்தார்கள். ஆனால் தொண்ணூறுகளில் வெளிநாட்டிலிருந்து அதை ரெலிபோன் லைனில் இறக்குவது பெரும்பாடு. முக்கால்வாசி வந்த பிறகு லைன் அறுந்துவிடும். அதனால் சில வருடங்களுக்கு முன் கம்பஸ் பிள்ளைகள் சிலர் சேர்ந்து, ஒரு கணினியில் அவற்றையெல்லாம் திரட்டி வைத்து, கேட்கிறவர்களுக்குப் பிரதி எடுத்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். முதலில் ஃபுளொப்பியில், பிறகு சீடியில். மோடம் உள்ளவர்கள் வீட்டிலிருந்தே லைன் எடுத்து இறக்கிக்கொள்ளலாம். எல்லாம் இலவசம்.

தொடங்கியவர்கள் ஒருவர் பின் ஒருவராக ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் போனார்கள். கடைசியில் கணினியும் நாங்கள் மூவரும்தான் மிச்சம். நான் கொள்ளுப்பிட்டியில் ஒரு காப்புறுதிக் கம்பனியின் கணினிப் பிரிவில் வேலை செய்தேன். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் தங்கையோடு வாடகைக்கு இருந்தேன். இரண்டாவது ஆளை நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் இருந்தவர், என்னிலும் பத்து வயது மூத்தவர். மூன்றாவது ஆள் நானா; முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம். கொட்டாஞ்சேனையில் கணினி திருத்துகிற கடை வைத்திருந்தார். எங்கள் கணினி அவருடைய கடைக்கு மேலே இருந்த சின்ன அறையில்தான் ஓடியது.

அந்த அறையில் எப்போதும் ஈயம் உருகிய மணம் இருக்கும். கணினி அளவுக்கு மீறிச் சூடாகிவிடும் என்று அதன் பக்க மூடியைக் கழற்றிவிட்டு, மேசை மின்விசிறி ஒன்றை அதற்கு நேரே திருப்பி வைத்திருந்தோம். மனிதருக்குக் காற்றில்லை. யாராவது லைன் எடுக்கும்போது மோடம் கீச்சிட்டுக் கத்தும். பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் நானாவிடம் வந்து, "மேலே இருந்து எங்கேயோ செய்தி அனுப்புறாங்களா?" என்று கேட்டாராம். நானா மோடத்தின் ஒலியைக் குறைத்துவிட்டார். குறைத்த பிறகு அந்த மனிதருக்குச் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை.

புதிய மூலநிரல்கள் ரொறன்ரோவிலிருந்து சீடியாக வரும். தொடங்கியவர்களில் ஒருவர் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்சல் போடுவார். ஒரு பார்சலாவது பிரிக்காமல் வந்ததில்லை. தபால் கந்தோரில் பிரித்து, பார்த்து, வேறு நிறத்தில் ஒட்டு ரேப் ஒட்டித் தருவார்கள். அந்தச் சீடிகளை எங்கள் கணினியில் ஏற்றுவது என் வேலை.

இப்போது அந்த ஆள் கோப்பு சரியில்லை என்கிறார். அவருக்கு அது எப்படித் தெரிந்தது என்பது சுலபம். ஒவ்வொரு கோப்புக்கும் கைநாட்டுப் போல ஒரு நீண்ட எண்ணை எழுதியவரே வெளியிட்டிருப்பார். நம்மிடம் உள்ள கோப்பைக் கணினி முழுவதுமாக வாசித்து அந்த எண்ணைக் கணக்கிடும். கோப்பில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் எண் முற்றிலும் வேறாக வரும்.

அவர் போன பிறகு நான் ரொறன்ரோ சீடியை எடுத்துக் கீழே நானாவின் கடைக் கணினியில் போட்டுப் பார்த்தேன். எண் சரி. மேலே வந்து எங்கள் கணினியில் இருந்த அதே கோப்பைப் பார்த்தேன். எண் பிழை. மற்றப் பெரிய கோப்புகளையும் பார்த்தேன். இன்னும் மூன்று பிழை.

சீடி சுத்தமாக வந்திருக்கிறது. இங்கே வந்த பிறகுதான் மாறியிருக்கிறது.

அண்ணைக்கு ரெலிபோனில் சொன்னேன்.

"ஆர் ஏத்தினது?" என்றார்.

"நான்தான் ஏத்தினனான்."

"வேறை ஆர் தொட்டது?"

"ஒருத்தரும் இல்லை அண்ணை. நீங்கள், நான், நானா. எங்களிட்டைத்தானே பாஸ்வேர்ட் இருக்கு."

"அந்தக் கோப்பிலை ஒண்டை நான் வங்கிக்கு எடுத்துக்கொண்டு போனனான். தெரியுமோ உமக்கு?"

எனக்குத் தெரியாது. ஆனால் அவர் என்ன நினைத்துப் பயந்தார் என்பது எனக்கு விளங்கியது. யாரோ வேண்டுமென்று நிரலுக்குள் எதையாவது நுழைத்திருந்தால்? அது ஒரு வங்கிக்குள் போய்விட்டது என்று வெளியே வந்தால்? அதைக் கொண்டுபோனவர் ஒரு தமிழர், அது வந்தது கொட்டாஞ்சேனையில் தமிழ் பேசுகிறவர்கள் நடத்துகிற ஒரு மாடியறை. அண்ணை பஸ்ஸில் மனைவியோடு சிங்களத்தில்தான் கதைப்பார். தமிழ்ப் பேப்பரை வீட்டுக்குள்ளேதான் விரிப்பார். அப்படிப்பட்ட மனிதர்.

இரண்டு நாள் கழித்து, வேலை முடிந்து வந்து வீட்டிலிருந்து லைன் எடுத்தேன். கணினி என்னை உள்ளே விடவில்லை. பாஸ்வேர்டைப் பிழையாக அடித்துவிட்டேன் என்று நினைத்துத் திரும்ப அடித்தேன். தங்கை தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, "என்ன அக்கா, முகம் ஒருமாதிரி இருக்கு?" என்று கேட்டாள். நான் அண்ணைக்கு ரெலிபோன் எடுத்தேன்.

"என்ரை பாஸ்வேர்டை நீங்களோ நிப்பாட்டினது?"

"ஓம்."

"என்னட்டைச் சொல்லாமல்?"

"சொல்லிப்போட்டுச் செய்யிற வேலை இல்லை இது."

"அண்ணை, நான் ஏன் கோப்பை மாத்தப்போறன்?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "உம்மடை தம்பி எங்கை இருக்கிறான் எண்டு எனக்குத் தெரியும். அதைப் ஃபோனிலை கதைக்க வேண்டாம்."

என் தம்பி இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் இருந்தான். பள்ளிக்கூட ஆசிரியன். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து போய், அங்கேயே கலியாணம் கட்டி, அங்கேயே மாட்டிக்கொண்டவன். மாதக்கணக்காக ஒரு சேதியும் இல்லை. அதை நான் அண்ணையிடம் சொன்னது ஆறுதலுக்காக. அவர் அதை வேறு ஒரு இடத்தில் பத்திரப்படுத்தி வைத்திருந்திருக்கிறார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ரிசீவரை வைத்துவிட்டேன். தேத்தண்ணி ஆறிப்போனது.

அந்தக் கிழமை முழுக்க நானும் அவரைச் சந்தேகித்தேன். ஏன் கூடாது? கோப்பை மாற்ற எனக்கு முடியுமென்றால் அவருக்கும் முடியும். முதல் ஆளாக என் வாயை அடைத்தது ஏன்? அவுஸ்திரேலியாவுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார், யாருக்காவது ஏதாவது செய்துகொடுக்க வேண்டியிருந்ததோ? முன்பு அவர் சொன்ன சாதாரண வார்த்தைகளை எல்லாம் எடுத்து எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் ஏதோ இருப்பது போலத் தெரிந்தது. ரொறன்ரோக்காரரையும் விடவில்லை. தபால் கந்தோரில் ரேப் ஒட்டுகிறவரையும் விடவில்லை. தெஹிவளை ஆளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அவரே மாற்றிவிட்டு அவரே வந்து சொல்லி, நாங்கள் என்ன செய்கிறோம் என்று பார்க்கிறாரோ என்று கூட நினைத்தேன். அறைக்குள் அவரைத் தனியாக விட்ட நேரம் ஒன்று இருந்ததா என்று யோசித்து யோசித்துத் தலை வலித்தது.

என் பேரை நானேதான் சுத்தப்படுத்த வேண்டும் என்று முடிவெடுத்தேன். சில மாதங்களுக்கு முன் எங்கள் கணினியின் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் பெரியது ஒன்று போட்டிருந்தோம். பழையது நானாவின் மேசை லாச்சிக்குள் கிடந்தது. அதில் நான் ஏற்றிய பழைய கோப்புகள் அப்படியே இருக்கும். அவற்றை என் கந்தோர்க் கணினியில் போட்டுச் சரிபார்த்தால், நான் ஏற்றியபோது எல்லாம் சரியாக இருந்தது என்று காட்டலாம்.

ஒரு புதன்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். நானா டிஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார்.

"அவருக்குத் தெரியுமா தங்கச்சி?"

"பிறகு சொல்லுவன் நானா."

"உங்க ரெண்டு பேருக்குள்ள என்னவோ பிரச்சினை ஈக்கி. நான் நடுவுல மாட்டிக்கிட்டேன்." சொல்லிக்கொண்டே தந்துவிட்டார்.

அதை ஒரு துவாயில் சுற்றிச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். காலிமுகத்திடல் தாண்டியதும் செக்பொயின்ற். எல்லோரையும் இறக்கினார்கள். வழக்கமாகப் பெண்களின் பையை மேலால் தடவிப் பார்த்துவிட்டு விடுவார்கள். அன்றைக்குப் பெண் பொலிஸ் நேரே என் சாப்பாட்டுப் பையைத்தான் திறந்தாள். துவாயைப் பிரித்தாள். உள்ளே இரும்புப் பெட்டி, பச்சை நிறப் பலகை, ஓரத்தில் ஊசி ஊசியாகக் கம்பிகள். அவள் இரண்டடி பின்னால் போனாள்.

"மொகக்த மே?"

இது என்ன என்று அவள் சிங்களத்தில் கேட்டதும் மற்றப் பயணிகள் என்னை விட்டு விலகினார்கள். பக்கத்து ஆசனத்தில் வந்த அம்மாவும்தான். அவர் நெற்றியில் திருநீறு இருந்தது. பஸ் என்னை விட்டுவிட்டுப் போனது.

பொலிஸ் நிலையத்தில் என்னை ஒரு மர வாங்கில் இருத்தினார்கள். அடையாள அட்டை, வெள்ளவத்தையில் தங்கியிருக்கப் பொலிசில் பதிந்த துண்டு, கந்தோர் அட்டை எல்லாவற்றையும் மேசையில் வைத்தேன். இன்ஸ்பெக்டர் ஐம்பதை நெருங்கியவர். கத்தவில்லை, மரியாதையாகவே கேட்டார். அதுதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது. பேச்செல்லாம் சிங்களத்தில் நடந்தது. என் சிங்களம் கந்தோருக்குப் போதும், பொலிசுக்குப் போதாது.

"இதற்குள் என்ன இருக்கிறது?"

"சோர்ஸ் கோட், சேர்."

அவருடைய பேனை நின்றது. "கோட்?"

அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கக் கூடாது என்று அப்போதுதான் உறைத்தது. அவர் அதைக் கடதாசியில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதிக் கீழே கோடு போட்டார்.

"யாருடைய கோட்?"

"யாருடையதும் இல்லை. எல்லோருக்கும் உரியது."

"எழுதியது யார்?"

"பல பேர். பல நாடுகளில் இருக்கிறார்கள்."

"அவர்களை உனக்குத் தெரியுமா?"

"தெரியாது சேர்."

"தெரியாதவர்கள் உனக்கு ஏன் கோட் அனுப்புகிறார்கள்?"

"எனக்கு அனுப்பவில்லை. யார் வேண்டுமென்றாலும் எடுக்கலாம். நாங்கள் பிரதி பண்ணிக் கொடுக்கிறோம்."

"யாருக்கு?"

"கேட்கிற எல்லோருக்கும்."

"எவ்வளவு எடுக்கிறாய் இதற்கு?"

"ஒன்றும் இல்லை, சேர். சும்மா செய்கிறோம்."

"சும்மா," என்று அவர் திருப்பிச் சொன்னார். "வேலையை விட்டுவிட்டு, பகல் வெயிலில் பஸ்ஸில், துவாய்க்குள் சுற்றிக்கொண்டு, சும்மா."

நான் சொன்னதெல்லாம் உண்மை. ஒவ்வொரு உண்மையும் என்னை இன்னும் ஆழமாகப் புதைத்தது. ஏன் செய்கிறாய் என்ற கேள்விக்குச் சிங்களத்தில் மட்டுமல்ல, தமிழிலும் என்னிடம் ஒழுங்கான பதில் இருக்கவில்லை. பிறகு அவர் குடும்பத்தைப் பற்றிக் கேட்டார். வன்னியில் யாராவது இருக்கிறார்களா என்றார். பொய் சொல்ல நினைத்தேன். ஆனால் பதிவேட்டில் எங்கேயாவது இருந்து பிறகு அகப்பட்டால் அதைவிட மோசம். தம்பி இருக்கிறான், ஆசிரியன் என்றேன். அவர் பேனையை மூடி வைத்தார்.

"உன்னைத் தெரிந்த ஒருவரை வரச்சொல். அரசாங்கத்திலோ வங்கியிலோ வேலை செய்கிற ஒருவர்."

தங்கையைக் கூப்பிட முடியாது. அவளையும் இருத்திவிடுவார்கள். கந்தோருக்குச் சொன்னால் வேலை போய்விடும். நானாவின் கடைக்கு எடுத்தேன். என்ன நடந்தது என்று அரைகுறையாகச் சொன்னேன். "பயப்படாதீங்க, நான் வாறேன்," என்றார். பொலிஸ் நிலையத்துக்குள் வந்து ஒரு தமிழ்ப் பிள்ளைக்காகக் கதைக்கிறவர் தன் பெயரையும் விலாசத்தையும் எழுதிக் கொடுக்க வேண்டும். அதன் பிறகு அந்தப் பெயர் அங்கேயே இருக்கும். நானா வருவார் என்று பாதியும் வரமாட்டார் என்று பாதியுமாக வாங்கில் இருந்தேன்.

வெயில் சாய்கிற நேரம் வாசலில் வந்து நின்றவர் அண்ணை.

கழுத்தில் வங்கியின் ரை கட்டியபடியே வந்திருந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. நேராக இன்ஸ்பெக்டரிடம் போய், தன் வங்கி அட்டையை வைத்து, வழுக்கிக்கொண்டு போகிற சிங்களத்தில் கதைக்கத் தொடங்கினார். அது கணினியின் உதிரிப்பாகம், திருத்தக் கொண்டுபோகிறாள், கோட் என்பது இரகசியச் சங்கேதம் அல்ல, உங்கள் நிலையத்தில் கணினி இருந்தால் அதற்குள்ளும் கோட்தான் ஓடுகிறது. இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில் கேட்டார்.

"இவளுடைய தம்பியை உங்களுக்குத் தெரியுமா?"

அண்ணை என் தம்பியைக் கண்ணால் கண்டதில்லை.

"நல்லாய்த் தெரியும்," என்றார் அண்ணை. "கணக்கு வாத்தியார். சண்டை சச்சரவு ஒன்றுக்கும் போகாத பிள்ளை. அவனுக்கு நான் பொறுப்பு."

பெயர், விலாசம், வேலையிடம் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். டிஸ்க்கைத் தரமாட்டோம், பரிசோதிக்க வேண்டும் என்றார்கள். அது பிறகும் திரும்பி வரவே இல்லை.

வெளியே வந்து ஓட்டோவில் ஏறினோம். கடல் பக்கமிருந்து உப்புக் காற்று அடித்தது. அண்ணை ஓட்டோக்காரரின் முதுகைப் பார்த்துவிட்டு, மிகவும் மெல்லக் கேட்டார்.

"அவன் வாத்தியார்தானே? உண்மையாய்?"

"உண்மையாய், அண்ணை."

"கணக்கோ?"

"விஞ்ஞானம்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் தடுத்தார். "அது வேறை, இது வேறை. கோப்பை மாத்தினது ஆர் எண்டு எனக்கு இன்னும் தெரிய வேணும். நாளைக்குப் பின்னேரம் கடைக்கு வாரும்."

அந்த வார்த்தை எனக்குச் சுட்டது. எனக்காகப் பொலிசில் கையெழுத்துப் போட்ட மனிதர் என்னை இன்னும் நம்பவில்லை. நம்பாமலேதான் வந்திருக்கிறார். எது பெரியது என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் மாடியறையில் இரண்டு கதிரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டோம். அவர் தனியாகத் தொட நான் விடமாட்டேன், நான் தனியாகத் தொட அவர் விடமாட்டார். அவர் அடிப்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் அடிக்கும்போது அவருடைய கண் என் விரலில் இருந்தது. பிழையான நான்கு கோப்புகளில் பெரியதை முதலில் எடுத்தோம். கணினி முனகி முனகி வாசித்து எண்ணைக் காட்டியது. பிழையான எண். அண்ணை அதைத் தாளில் எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது.

இருட்டு அறைக்குள் வியர்த்து வடிய இருந்தோம். கீழே நானா யாரோ வாடிக்கையாளருக்கு மெழுகுதிரி தேடுவது கேட்டது. கரண்ட் வந்து கணினி எழும்பியதும், எழுதியது சரியா என்று பார்க்க அண்ணை அதே கோப்பைத் திரும்ப ஓட்டினார்.

வேறு எண் வந்தது.

"பிழையாய் எழுதிப்போட்டியளோ?" என்று கேட்டேன்.

"இல்லையே." தாளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "நீர் இப்ப எதையாவது அமத்தினனீரோ?"

"என்ரை கை மடியிலை இருக்கு அண்ணை."

இன்னொரு தரம் ஓட்டினோம். மூன்றாவது எண். முதல் இரண்டோடும் ஒட்டவில்லை.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். கோப்பை யாரும் தொடவில்லை. ஒருவருமே தொடாமல் நம் கண் முன்னாலேயே அது மாறுகிறது என்றால், மாறுவது கோப்பு அல்ல. கணினி அதைத் தன் நினைவகத்தில் எடுத்து வைத்துக்கொண்டு எண்ணும்போது பிழையாக எண்ணுகிறது. சீடியிலிருந்து பிரதி பண்ணும்போதும் அதே நினைவகத்தின் வழியாகத்தான் போகிறது. அங்கேதான் எழுத்துகள் புரண்டிருக்கின்றன. சின்னக் கோப்புகள் தப்பிவிட்டன. பெரியவை பழுதான இடத்தில் போய் மாட்டியிருக்கின்றன.

"மெமரி," என்றார் அண்ணை. அந்த ஒரு சொல்லைச் சொல்லும்போது அவர் முகத்தில் வந்த வெட்கத்தை நான் பார்க்காதது போல இருந்தேன்.

கணினி வயதாகித் தள்ளாடத் தொடங்கியபோது, அது கொஞ்சம் வேகமாக ஓடட்டும் என்று நானா பாவித்த மெமரித் துண்டு ஒன்றைத் தன் கடையிலிருந்து கொண்டுவந்து போட்டிருந்தார். நானாவைக் கூப்பிட்டோம். அவர் அந்தத் துண்டைக் கழற்றினார். அதன் பிறகு எத்தனை தரம் ஓட்டினாலும் எண் மாறவில்லை. பழுதாக எழுதப்பட்டிருந்த எண் அப்படியே வந்துகொண்டிருந்தது.

விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். அண்ணை துண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நானா, இது எங்கையிருந்து வந்தது? ஆர் தந்தது உங்களுக்கு?" என்று கேட்டார். அதே குரல். எனக்கு ரெலிபோனில் கேட்ட அதே குரல்.

நானாவின் முகம் சுருங்கியது. "என்ன கேக்கிறீங்க? நான் தெரிஞ்சிக்கிட்டுப் பழுதான சாமான் போட்டேன்ண்டா சொல்றீங்க?"

"ஆரோ உங்களைப் பாவிச்சிருக்கலாம்..."

"போதும் அண்ணை," என்றேன். நான் அவரோடு அப்படிக் கதைத்ததே இல்லை. "ஒரு பழுதான சாமானுக்கு நாங்கள் மூண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் தின்னப்போறமோ? நேற்று நானா வாறன் எண்டுதானே சொன்னவர்?"

"நான் சட்டை மாத்திக்கிட்டு ரெடி," என்றார் நானா. "போறதைச் சொல்ல இவருக்குப் போன் பண்ணினேன், இவர்தான் வேணாண்டார். நீங்க போனா கடையத் தேடி வருவாங்க, நான் போறேன்ண்டார். அதுக்குப் பிறகு இப்பிடிக் கேக்கிறார்."

அண்ணை துண்டை மேசையில் வைத்தார். பிறகு எழுந்து கீழே போய், மூன்று கப் பிளேன்ரீ வாங்கிக்கொண்டு வந்தார். மன்னிப்பு என்று ஒரு சொல் அவர் வாயில் வரவில்லை. அன்றிரவே என் பாஸ்வேர்ட் வேலை செய்தது.

எல்லாக் கோப்புகளையும் சீடிகளிலிருந்து திரும்ப ஏற்றினோம். பல கிழமைகள் பிடித்தன. பழுதானவற்றைக் கொண்டுபோனவர்களைத் தேடித் தேடிச் சொன்னோம். வங்கியில் அண்ணை தன் பிரதியை யாருக்கும் தெரியாமல் மாற்றிவிட்டு வந்தார்.

தெஹிவளை ஆளுக்கு நானே சொன்னேன். மெமரி என்றதும் அவர் பலமாகச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"மிஸ், நீங்க எல்லாரும் என்னை சிஐடிண்டுதானே நெனச்சீங்க?"

நான் மேசையில் கிடந்த சீடிகளை அடுக்கத் தொடங்கினேன்.

"நான் உங்களைத்தான் அப்படி நெனச்சேன்," என்றார். "யாருமே சும்மா குடுக்க மாட்டாங்களே. கம்பியூட்டர் தெரிஞ்ச தமிழ்ப் பொடியன்மாரைப் பிடிக்க கவர்மென்ட் வச்ச பொறிண்டு பயந்தேன். அதான் வேற யார் வாறாங்கண்டு கேட்டுக்கிட்டே இருந்தேன். வந்தவங்க பிறகும் வாறாங்களா, இல்ல காணாமப் போயிட்டாங்களாண்டு பார்க்க."

அவர் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். கிட்டத் தமிழ்ப் பள்ளிக்கூடம் இல்லாததால் சிங்கள மொழியில் படித்தவர். அதனால்தான் எண்ணுவது சிங்களத்தில். அந்த விளக்கம் முழுக்க நியாயமாக இருந்தது. ஆனாலும் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கும்போதே, நியாயமான விளக்கம் ஒன்றை ஆயத்தப்படுத்தி வைத்திருப்பவர் எப்படி இருப்பார் என்று என் மனதின் ஒரு மூலை யோசித்துக்கொண்டிருந்தது. அந்த வருடங்கள் எங்களுக்குச் செய்தது அதுதான். செக்பொயின்றில் அந்தப் பெண் பொலிஸ் ஏன் நேரே என் பையைத் திறந்தாள் என்பதற்கும் இன்றுவரை விடை இல்லை. சும்மாவாகவும் இருக்கலாம்.

அண்ணைக்கு அவுஸ்திரேலியா சரிவந்தது. மூன்றாவது ஆள் ஒருவர் தேவைப்பட்டார். தெஹிவளைக்காரர் தானாகவே கேட்டார், தான் வரலாமா என்று. நானா என்னைப் பார்த்தார். நான் ஓம் என்றேன்.

அவர் முதன்முதலாகத் தனியாக அறையைத் திறந்த சனிக்கிழமை நான் வெள்ளவத்தையில் வீட்டில் இருந்தேன். மீன் கழுவிக்கொண்டிருந்த கையைத் துடைத்துவிட்டு, அறையின் ரெலிபோனுக்கு எடுத்தேன். இரண்டு மணி அடித்ததும் அவர் குரல் "ஹலோ" என்றது. நான் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் போக மறுபடியும் எடுத்தேன்.

"அக்கா, நீங்கதானே?" என்றார் அவர்.

"ஓம்," என்றேன். "சும்மா எடுத்தனான்."

"புதுச் சீடி ரெண்டு ஏத்தியாச்சு. ஒவ்வொரு கோப்பும் ரெண்டு தரம் பார்த்தேன். கம்பஸ் பிள்ளைங்க ரெண்டு பேர் வந்து நிக்கிறாங்க, குடுத்துட்டு நாலு மணிக்குப் பூட்டுறேன். வேற ஏதும் பார்க்கணுமா?"

வேறு ஒன்றும் இல்லை என்றேன். மீனை நறுக்கத் தொடங்கும்போது தங்கை வந்து, யாரோடு கதைத்தாய் என்று கேட்டாள். எங்கட ஆள்தான் என்று சொன்னேன்.